லிங்க்கை முழுசா அனுப்புங்கோ



இந்த மடலில் வழமையாக நாடுகடத்தல், காணி, கூலி, போர்க்குற்ற விசாரணை என்று எழுதுவோம். இம்முறை நான் எழுதப்போவது லிங்க்கைப் பற்றி. "இதென்ன கொம்பியூட்டர் வகுப்போ?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கோ. நாங்கள் எழுதுகிற அநேகமான விஷயங்கள் ஒரு லிங்க்கில்தான் போய் முடிகின்றன. "இங்கே கையெழுத்திடுங்கள்", "இந்த அறிக்கையை வாசியுங்கள்", "வெள்ளிக்கிழமைக்கு முன் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இந்தப் படிவத்தில் எழுதுங்கள்." அந்த லிங்க் முறிந்தால் அதற்கு மேலே எழுதிய எண்ணூறு சொல்லும் வெறும் புலம்பல்.

இந்த மடலைத் தொகுக்கிற வேலையில் நானும் ஒருத்தி. ஒவ்வொரு இதழும் போன அடுத்த நாள் வருகிற பதில்களில் ஒன்றிரண்டு இப்படி இருக்கும்: "லிங்க் திறக்குதில்லை, திருப்பி அனுப்புங்கோ." திருப்பி அனுப்பலாம். ஆனால் எழுதிக் கேட்கிறவர் ஒருவர் என்றால், கேட்காமலே மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? அது எங்களுக்குத் தெரியவராது. வேலைக்குப் போகிற பஸ்ஸில், ஐந்து நிமிட இடைவேளையில், போனில் மடலைத் திறக்கிறவர் முறிந்த லிங்க்கை வெட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ஒருவரின் நாடுகடத்தலை நிறுத்தக் கேட்கும் மனுவுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்றால், அந்த ஐந்து நிமிடம் திரும்பி வராது.

இதற்குப் பலர் இரண்டு தீர்வு சொல்லுகிறார்கள். ஒன்று, லிங்க்கைச் சுருக்கித் தரும் சேவை. மற்றது, இந்த வெறும் எழுத்து மடலை விட்டுவிட்டு, படமும் பட்டனும் வைத்த வண்ண மடலுக்கு மாறுவது. இரண்டும் வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. முழு முகவரியைச் சுத்தம் செய்து, தனி வரியில், கோண அடைப்புக்குள் போட்டு அனுப்புவோம். பக்கத்தில் அது என்ன ஆவணம் என்று இரண்டு சொல் எழுதுவோம். ஏன் என்று சொல்லுகிறேன்.

ஏன் முறிகிறது?

மின்னஞ்சலில் ஒரு வரி எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்று விதி உண்டு. 1982-இல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிப்படி ஒரு வரி, வரிமுடிவுக் குறிகள் இரண்டையும் சேர்த்து, 1000 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. 2001-இல் வந்த மின்னஞ்சல் வடிவ விதி, வரிமுடிவைக் கழித்து 998 என்று அதையே சொல்லி, கூடவே ஒரு புத்திமதியும் சொன்னது: முடிந்தால் 78 எழுத்துக்குள் நிறுத்துங்கள். இந்த 78 எங்கிருந்து வந்தது? பழைய கணினித் திரைகள் ஒரு வரிக்கு 80 எழுத்துத்தான் காட்டும். அந்த 80-க்குப் பின்னால் 1928-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த 80 நிரல் துளை அட்டை இருக்கிறது. கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முந்திய ஒரு காகித அட்டையின் அகலம் இன்றைக்கும் எங்கள் மடலை வெட்டிக்கொண்டிருக்கிறது.

சில மின்னஞ்சல் நிரல்கள் 72 அல்லது 76 எழுத்து வந்ததும் உள்ளே உண்மையாகவே ஒரு 'என்டர்' போட்டுவிடும். சாதாரண வாக்கியத்துக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. லிங்க்குக்கு ஆபத்து. பெறுகிறவரின் நிரல் லிங்க்கை மிக எளிய முறையில்தான் கண்டுபிடிக்கிறது: 'எச்.டி.டி.பி.' என்று தொடங்கினால் லிங்க். முதல் இடைவெளியோ வரிமுடிவோ வந்தால் லிங்க் முடிந்தது. ஆகவே முதல் வரியில் உள்ள துண்டு மட்டும் நீலமாகும். அடுத்த வரியில் விழுந்த வால் கறுப்பாகவே கிடக்கும். அமத்தினால் 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வரும். சிலவேளை அதைவிட மோசம்: அந்தத் தளத்தின் முகப்பில் கொண்டுபோய் இறக்கிவிடும். வாசகர் "இதில ஒண்டும் இல்லையே" என்று போய்விடுவார். லிங்க் முறிந்தது என்றே அவருக்குத் தெரியாது.

பதில் எழுதும்போதும் மற்றவர்களுக்கு முன்னனுப்பும்போதும் நிலைமை இன்னும் மோசமாகும். ஒவ்வொரு முறையும் வரித் தொடக்கத்தில் '>' குறி ஒன்று ஏறும். வரி நீண்டு மறுபடி முறியும். முறிந்த துண்டுக்கு முன்னால் புதிதாக ஒரு '>' வந்து நிற்கும். மூன்று கை மாறிவரும் கூட்ட அறிவித்தல்களைப் பாருங்கோ, விளங்கும்.

இதைத் திருத்த முயன்றவர்கள் இருக்கிறார்கள். 1992-இல் மைம் விதியோடு 'குவோட்டட் பிரிண்டபிள்' என்றொரு குறியாக்கம் வந்தது. 76 எழுத்துக்கு மேல் போகாமல், கடைசியில் ஒரு சமக்குறி போட்டு வரியை மடித்து அனுப்பும். பெறும் பக்கம் விரித்துக்கொள்ளும். 1999-இல் இன்னொரு விதி வந்தது: வரியின் கடைசியில் ஒரு இடைவெளி இருந்தால் 'வரி இன்னும் முடியவில்லை' என்று பொருள். இரண்டும் நல்ல யோசனைதான். ஒழுங்காக நடந்தால் எவ்வளவு நீளமான லிங்க்கும் உயிரோடு போய்ச் சேரும். ஆனால் அனுப்புகிறவர், பெறுகிறவர், நடுவில் நிற்கிற சேவையகம் எல்லோரும் விதியை மதிக்கவேண்டும். ஒருவர் பிசகினாலும் போச்சு. உதாரணத்துக்கு, லிங்க்கில் உள்ள ஒவ்வொரு சமக்குறிக்கும் பின்னால் '3டி' என்று ஒட்டிக்கொண்டு வருவதைக் கண்டிருப்பீர்கள். அது மடித்ததை யாரோ விரிக்காமல் விட்டதன் அடையாளம். சமக்குறியை விட்டுவிட்டு அந்த '3டி'யை மட்டும் அழித்துப் பாருங்கோ, அநேகமாகத் திறக்கும்.

தமிழுக்கு விலை கூட

எங்கள் மொழிக்கு இந்தச் சிக்கல் பலமடங்கு. வலை முகவரியில் நேரடியாக எழுத அனுமதி உள்ளவை ஆங்கில எழுத்தும் இலக்கமும் சில குறிகளும் மட்டுமே. மற்ற எல்லா மொழியும் வேடம் மாறித்தான் போகவேண்டும். 'யா' எங்களுக்கு ஒரு எழுத்து. யுனிகோடுக்கு 'ய' ஒன்று, அரவு ஒன்று என்று இரண்டு குறி. ஒவ்வொரு தமிழ்க் குறியும் கணினிக்குள் 3 பைட் எடுக்கும். முகவரியில் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக எழுதவேண்டும். ஆக ஒரு குறிக்கு 9 இடம்.

இனி எண்ணிப் பாருங்கோ. 'யாழ்ப்பாணம்' என்பது 6 எழுத்து. யுனிகோடில் 11 குறி. முகவரியில் 99 இடம். ஆங்கிலத்தில் அதே ஊருக்கு 6 இடம் போதும். தமிழ் விக்கிப்பீடியாவின் யாழ்ப்பாணப் பக்கத்துக்கு முகவரி மொத்தம் 129 எழுத்து நீளம், ஆங்கிலப் பக்கத்துக்கு 36. 'முள்ளிவாய்க்கால்' என்ற ஒரு சொல் மட்டும் 144 இடம் எடுக்கும், 78 எழுத்து வரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆங்கில மடல் எழுதுகிற தோழருக்கு எப்போதாவது வருகிற தலையிடி, தமிழ்ப் பக்கத்தைப் பகிர்கிற எங்களுக்கு ஒவ்வொரு நாளும். யாரும் திட்டமிட்டு எங்களைத் தண்டிக்கவில்லை. ஆங்கிலத்துக்கென்று கட்டின வீட்டில் பிறகு வந்தவர்களுக்குக் கிடைத்த மூலை இது. அந்த மூலையில் இருந்துகொண்டு எங்கள் லிங்க்கை எப்படிக் காப்பாற்றுவது என்பதை நாங்கள்தான் பழகவேண்டும்.

இன்னொன்று எங்கள் இலக்கணத்தால் வருவது. ஆங்கிலத்தில் லிங்க்குக்கு முன்னால் 'அட்', 'இன்' என்று தனிச் சொல் வரும். தமிழில் வேற்றுமை உருபு பின்னால் ஒட்டும்: '-இல் பார்க்கவும்', '-ஐ அமத்தவும்', '-க்குச் செல்லவும்'. முகவரியின் வாலில் 'இல்' என்று இடைவெளி விடாமல் ஒட்டினால், சில நிரல்கள் அந்த 'இல்'லையும் முகவரியாக எடுத்துக்கொண்டு எங்கேயோ போய் முட்டும். வாக்கியம் முடிந்தது என்று போடுகிற முற்றுப்புள்ளியும் இப்படித்தான். அழகாக வாக்கியத்துக்குள் லிங்க்கைப் பொருத்த நினைக்கவேண்டாம். வாக்கியத்தை முடியுங்கோ. பிறகு லிங்க்கைத் தனி வரியில் வையுங்கோ.

சுருக்கினால் என்ன?

சுருக்கும் சேவைகள் பிறந்ததே இந்த முறிவினால்தான் என்று சொல்லலாம். 2002-இல் தொடங்கிய டைனியூஆர்எல் நீண்ட முகவரியை ஒரு வரிக்குள் அடங்கும்படி தந்தது. பிறகு பிட்லி, கூகிள் என்று வரிசையாக வந்தன. வசதிதான். ஆனால் சுருக்கின லிங்க் என்பது முகவரி அல்ல. மூன்றாவது ஆள் ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த ஆள் கடையை மூடினால் எங்கள் பழைய மடல்கள் எல்லாம் ஊமையாகும்.

கூகிள் 2009-இல் சுருக்கும் சேவை தொடங்கியது. 2019-இல் புதிய லிங்க் செய்வதை நிறுத்தியது. 2025 ஆகஸ்டுடன் பழைய லிங்க்குகளும் வேலை செய்யாது என்று 2024-இல் அறிவித்தது. கடைசி நேரத்தில், ஆட்கள் தொடர்ந்து பாவிக்கிற லிங்க்குகளை மட்டும் விட்டுவைப்பதாகச் சொன்னது. எது உயிரோடு இருக்கவேண்டும் என்பதை அமத்துகிற எண்ணிக்கை தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு ஆய்வாளர் தேடிப் பார்க்கிற ஆவணம் அந்தக் கணக்கில் எங்கே வரும்?

சுருக்குகிறவரின் பின்னால் வேறு ஆட்களும் நிற்கிறார்கள். '.எல்வை' என்று முடிகிற பெயர்கள் லிபிய நாட்டுக்குரியவை. 2010-இல், கடாபி ஆட்சியில் இருந்த காலத்தில், லிபியப் பதிவகம் ஒரு சுருக்கும் சேவையின் பெயரைத் தங்கள் நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று பறித்துக்கொண்டது. அமெரிக்காவில் இருந்து நடத்தின சேவை, லிபியச் சட்டத்தால் ஒரே நாளில் நின்றது. தடை என்ற சொல்லை நன்றாகத் தெரிந்த எங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அதோடு, சுருக்கின லிங்க் எங்கே கொண்டுபோகும் என்று பார்த்துத் தெரியாது. மோசடிக்காரருக்கும் அதே வசதி என்பதால் பல குப்பை மடல் வடிகட்டிகள் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 'தெரியாத லிங்க்கை அமத்தாதீர்கள்' என்று அம்மா அப்பாமாருக்குப் பாடம் எடுப்பதும் நாங்கள்தான், அவர்களுக்குத் தெரியாத லிங்க்கை அனுப்புவதும் நாங்கள்தான் என்றால் எப்படி?

எல்லாச் சுருக்கமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். பக்கத்தை வைத்திருக்கிறவரே தருகிற சுருக்கம் வேறு. விக்கிமீடியா 2019-இல் இருந்து தன் பக்கங்களுக்குத் தானே குறுமுகவரி தருகிறது. ஆய்வுக் கட்டுரைகளுக்கு டிஓஐ எண் இருக்கிறது. இவற்றைத் தயங்காமல் பாவிக்கலாம், ஏனென்றால் நடுவில் புதிய தரகர் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாப் பக்கத்தின் 129 எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதுதான் வழி.

யார் அமத்தினது என்று யாருக்குத் தெரியும்?

இதுதான் எனக்கு முக்கியமான காரணம். செய்திமடல் அனுப்பித் தருகிற பல வணிகச் சேவைகள் லிங்க்கை அப்படியே அனுப்புவதில்லை. ஒவ்வொரு வாசகருக்கும் ஒவ்வொரு தனி முகவரி செய்து வைக்கும். நீங்கள் அமத்தினால் முதலில் அந்தச் சேவையின் கணினிக்குப் போய், அங்கே பெயர் பதிந்து, பிறகுதான் உண்மையான பக்கத்துக்குப் போவீர்கள். எந்த மின்னஞ்சல், எத்தனை மணிக்கு, எந்த இணைய முகவரியில் இருந்து, என்ன போனில் என்பதெல்லாம் அங்கே தங்கும். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தையும் வைத்து, திறந்தீர்களா என்றும் பார்க்கும்.

எங்களுடைய வாசகர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கோ. அகதி விண்ணப்பம் முடியாமல் இருக்கிறவர். ஊரில் அம்மாவையும் தம்பியையும் விட்டுவிட்டு வந்தவர். இந்த மடலை மட்டக்களப்பிலோ கிளிநொச்சியிலோ இருந்து வாசிக்கிறவர். 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், பேஸ்புக்கில் போட்ட பதிவுக்காகவே ஆட்களைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். 2014-இல் இலங்கை அரசு பல புலம்பெயர் அமைப்புகளையும் 400-க்கு மேற்பட்ட தனிநபர்களையும் தடைப்பட்டியலில் போட்டது. 2024-இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று இன்னொன்றும் வந்தது. இப்படிப்பட்ட நிலையில், 'நினைவேந்தல் பற்றிய கட்டுரையை யார் யார் அமத்தினார்கள்' என்றொரு பட்டியலை நாங்களே காசு கட்டி, ஒரு வணிக நிறுவனத்திடம் ஏன் செய்து வைக்கவேண்டும்? அது கசியும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. இல்லாத பட்டியலை யாரும் கேட்டு வாங்கவும் முடியாது, திருடவும் முடியாது.

"எண்ணிக்கை தெரியாமல் இயக்கம் நடத்துறது எப்படி?" என்று கேட்கிற தோழர்கள் உண்டு. அந்த எண்ணிக்கையும் இப்போது பொய்தான். 2021-இல் இருந்து ஆப்பிள் தன் மின்னஞ்சல் நிரலில், நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களைத் தானே எடுத்துவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அலுவலகங்களின் பாதுகாப்பு நிரல்கள் எல்லா லிங்க்கையும் தாங்களே அமத்திப் பார்க்கின்றன. யாரும் வாசிக்காத மடலுக்கும் பத்துப் பேர் அமத்தினதாகக் கணக்கு வரலாம். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், கடிதம் எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணுவோம். அதுவே எங்களுக்குத் தேவையான கணக்கு.

அலுவலக மடலில் இருந்து லிங்க்கை எடுத்து இங்கே ஒட்டுகிற தோழர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல வேலைத்தளங்களில் மைக்ரோசொஃப்ட்டின் 'சேஃப் லிங்க்ஸ்' ஓடுகிறது. வருகிற மடலில் உள்ள லிங்க்கை அது தன் முகவரிக்குள் சுற்றிவிடும். ஒரு முழ நீளத்துக்கு வரும் அந்த முகவரிக்குள், மடலைப் பெற்றவரின் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். ஆகவே நீங்கள் போராட்ட அறிவித்தலை அலுவலக மடலில் இருந்து வெட்டி ஒட்டினால், உங்கள் பெயரும் வேலைத்தளமும் அதோடு சேர்ந்து ஊர் முழுக்கப் போகலாம். பக்கத்தை உலாவியில் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் இருப்பதைப் படியெடுங்கோ.

"பட்டன் வைச்சா முடிஞ்சுதுதானே?"

வண்ண மடலில் லிங்க் முறியாது, உண்மை. ஆனால் பட்டனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போனில் பார்ப்பது கடினம். வெறும் எழுத்தில் வாசகர் போகும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறார். இது மரியாதை. டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவிக்கிறவருக்கும் பழைய போன் வைத்திருக்கிறவருக்கும் வெறும் எழுத்து மடல் உடனே திறக்கும். அதோடு, வண்ண மடல்கள் வழமையாக உள்ளே ஒரு வெறும் எழுத்துப் பிரதியையும் சேர்த்துக் கொண்டுதான் போகின்றன. அதை யாரும் எழுதுவதில்லை, நிரல் தானாகச் செய்யும். ஒவ்வொரு பட்டனுக்கும் பதிலாக அங்கே கண்காணிப்பு முகவரி நீட்டுக்குக் கிடக்கும். அதை வாசிக்க நேர்கிறவரின் நிலைமையை யோசியுங்கோ.

வண்ண மடல் பக்கத்தில் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. பார்வையற்ற தோழர்கள் திரைவாசிப்பு நிரலில் மடலைக் கேட்கிறார்கள். வாக்கியத்தின் நடுவில் 129 எழுத்து முகவரி வந்தால், சதவீதக் குறி, எழுத்து, இலக்கம் என்று அது ஓதிக்கொண்டே போகும். இதை நாங்கள் கவனிக்கத்தான் வேண்டும். பழைய வழி ஒன்று உண்டு: கட்டுரைக்குள் [1], [2] என்று எண் மட்டும் போட்டு, முகவரிகள் எல்லாவற்றையும் மடலின் அடியில், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தலைப்பு எழுதி, வரிசையாக வைப்பது. கேட்கிறவருக்கு வாக்கியம் குலையாது. லிங்க் தேவையானவர் அடிக்குப் போகலாம்.

இன்னொரு பக்கம், மடலை அச்செடுத்து வாசிக்கிற மாமாமாரும் எங்களுக்கு உண்டு. காகிதத்தில் நீண்ட முகவரி உதவாது, சரி. சுவரொட்டிக்கும் துண்டுப்பிரசுரத்துக்கும் குறுமுகவரி வேணும். அதற்கு எங்கள் சொந்தத் தளப் பெயரிலேயே குறுமுகவரி செய்வோம். பெயர் எங்களுடையது, கணக்குப் புத்தகம் எங்களிடம். யார் வந்தார் என்று பதியவேண்டியதில்லை.

செய்யவேண்டியது

மடலுக்கு விஷயம் அனுப்புகிற எல்லோரிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்.

முதலாவது, வாலை வெட்டுங்கோ. பகிரும்போது ஒட்டிக்கொண்டு வருகிற கண்காணிப்புத் துண்டுகள் அநேகமாகக் கேள்விக்குறிக்குப் பின்னால் இருக்கும். 'யூடிஎம்' என்று தொடங்குபவை எந்தப் பிரசாரத்தில் இருந்து வந்தீர்கள் என்று சொல்லும். பேஸ்புக் 2018-இல் இருந்து ஒட்டுகிற 'எஃப்பி கிளிக் ஐடி' இன்னொன்று. இவற்றை அழித்தால் 200 எழுத்து முகவரி பலவேளை 70 ஆகும், முறிவுப் பிரச்சினையே போய்விடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டவேண்டாம். யூடியூப் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் 'வி' என்று வருவது காணொளியின் அடையாளம், அதை வெட்டினால் காணொளி இல்லை. 'எஸ்ஐ' என்று வருவதுதான் பகிர்ந்தவரின் தடம். வெட்டின பிறகு ஒருமுறை திறந்து பாருங்கோ.

இரண்டாவது, தனி வரி. முன்னும் பின்னும் ஒரு வெற்று வரி. உருபு, புள்ளி, காற்புள்ளி எதுவும் ஒட்டக்கூடாது.

மூன்றாவது, கோண அடைப்பு. முகவரிக்கு முன்னால் '<', பின்னால் '>'. இது என் கண்டுபிடிப்பு இல்லை. வலை முகவரிகளுக்கான 2005-ஆம் ஆண்டு விதியே பின்னிணைப்பில் இதைத்தான் பரிந்துரைக்கிறது: அடைப்புக்குள் வரி முறிந்திருந்தால், முறிவைப் புறக்கணித்துச் சேர்த்து வாசிக்கவேண்டும். எல்லா நிரலும் இதைச் செய்வதில்லை. செய்யாத இடத்திலும், முகவரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மனிதக் கண்ணுக்குத் தெரியும். முறிந்தாலும் ஒட்டவைக்கலாம்.

நான்காவது, உங்கள் நிரலில் தானாக வரிமுறிக்கும் அமைப்பு இருந்தால் நிறுத்துங்கோ. பிறகு ஒருமுறை உங்களுக்கே அனுப்பி, கணினியிலும் போனிலும் அமத்திப் பார்த்துவிட்டு எங்களுக்கு அனுப்புங்கோ.

லிங்க் செத்தாலும் ஆவணம் வேணும்

முறியாமல் போன லிங்க்கும் ஒருநாள் சாகும். 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் 2023-இல் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு நிலையம் 2024-இல் கண்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள லிங்க்குகளில் ஏறக்குறைய பாதி, மேற்கோள் காட்டின விஷயத்துக்குப் போவதில்லை என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2014-இல் எழுதினார்கள். உச்ச நீதிமன்றத்துக்கே அந்த நிலை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பற்றி ஒரு சின்னத் தளம் பத்து வருடத்துக்கு முன் போட்ட சாட்சியத்தை யார் காப்பாற்றுவார்?

ஆகவே லிங்க்கோடு பெயரும் திகதியும் எண்ணும் கட்டாயம் எழுதுங்கோ. இலங்கை பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2015 செப்டம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கைக்கு 'ஏ/எச்ஆர்சி/30/சிஆர்பி.2' என்று எண் இருக்கிறது. முகவரி எத்தனை தரம் மாறினாலும் அந்த எண்ணைத் தேடினால் அறிக்கை வரும். நூலகம் தளத்தில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் பத்திரிகைக்கும் ஒரு நூலக எண் இருக்கிறது, அதைக் குறித்துவிட்டால் நீண்ட தமிழ் முகவரி முறிந்தாலும் நூல் தொலையாது. எண் இல்லாத பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்து, அந்த முகவரியையும் அடியில் கொடுங்கோ. அது இன்னும் நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் 14 இலக்கத் திகதி நேரத்தோடு மூல முகவரி முழுவதையும் தனக்குள் வைத்திருக்கும். அந்த நீளத்தில் ஒரு நன்மை இருக்கிறது: மூலம் எங்கே இருந்தது, எப்போது சேமித்தது என்று பார்த்தவுடனே தெரியும். சுருக்கின லிங்க் இரண்டையும் சொல்லாது.

1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களைப் பற்றி ஒவ்வொரு ஜூன் மாதமும் எழுதுகிறோம். எழுதவேண்டும். அந்த நெருப்புக்கும் முறிந்த லிங்க்குக்கும் ஒப்புச் சொல்ல நான் வரவில்லை. அங்கே எரித்தது அரசின் ஆட்கள், இங்கே தொலைவது எங்கள் கவனக்குறைவால். அரசு செய்ததைத் தடுக்க எங்களால் முடியவில்லை. இதை முடியும், ஒரு லிங்க்குக்கு ஒரு நிமிடம் செலவழித்தால்.

அடுத்த இணையக் கூட்டத்தில் இரண்டு விஷயம் முன்மொழிவேன். ஒன்று, இந்த மடல் தொடர்ந்து வெறும் எழுத்தாகவே, கண்காணிப்பு இல்லாமல் போகவேண்டும். மற்றது, எங்கள் பழைய இதழ்களில் உள்ள லிங்க்குகளைப் பிரித்தெடுத்து, ஆளுக்குப் பத்தாகத் திறந்து பார்த்து, செத்தவற்றுக்குக் காப்பகப் பிரதி தேடவேண்டும். கைகொடுக்க விருப்பமானவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் எழுதுங்கோ, அடுத்த இதழில் போடுவோம். லிங்க் வைத்தால் மட்டும் தனி வரியில் வையுங்கோ.

தோழமையுடன்,
தொகுப்புக் குழுவில் இருந்து ஒருத்தி